செங்கோல், மோதிரம், அம்பு

1077 ஜனவரி. ஜெர்மானிய அரசன் நான்காம் ஹென்றி ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வந்து, வட இத்தாலியில் கனோசா என்ற கோட்டைக்கு வெளியே மூன்று நாள் வெறுங்காலோடு பனியில் நின்றான். உள்ளே இருந்தவர் போப் ஏழாம் கிரிகோரி. அரசனை அவர் திருச்சபையிலிருந்து விலக்கி வைத்திருந்தார். அவன் கேட்டு வந்தது மன்னிப்பு.

சண்டை எதைப் பற்றி? ஓர் ஊருக்கு யார் பிஷப் என்பதை யார் முடிவு செய்வது? அவ்வளவுதான்.

இன்றைக்குக் கேட்டால் இதுக்கா இவ்வளவு என்று தோன்றும். ஆனால் அன்றைய பிஷப் பூசை மட்டும் செய்கிறவர் அல்ல. அவரிடம் நிலம் இருந்தது, வரி இருந்தது, போர் வந்தால் அனுப்ப ஆட்கள் இருந்தார்கள். பிரபு ஒருவனுக்கு நிலத்தைக் கொடுத்தால் அது அவன் பிள்ளைக்குப் போய்விடும். மணமாகாத பிஷப்பிடம் கொடுத்தால் அவர் காலத்துக்குப் பிறகு அரசன் கைக்கே திரும்பும். அதனால் பிஷப்புக்கு உரிய மோதிரத்தையும் கோலையும் அரசனே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். புனிதப் பொருளைத் தொட அரசனுக்கு என்ன உரிமை என்று கிரிகோரி கேட்டார். கனோசாவோடும் அது முடியவில்லை. 1084இல் ஹென்றி ரோமைப் பிடித்தான். அடுத்த ஆண்டு கிரிகோரி சலேர்னோவில், ஊரை விட்டு வந்தவராகவே இறந்தார்.

தீர்வு 1122இல்தான் வந்தது. வோர்ம்ஸ் நகரில் ஹென்றியின் மகன் ஐந்தாம் ஹென்றியும் போப் இரண்டாம் கலிக்ஸ்டஸும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். மோதிரமும் கோலும் இனி திருச்சபையின் கையால். நிலமும் அதிகாரமும் அரசன் கையால், செங்கோல் தொட்டு. ஒரே நியமனத்தை இரண்டு சடங்காகப் பிரித்துவிட்டார்கள். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். ஒரே சர்வருக்கு இரண்டு டீம் உரிமை கேட்டால், ஆளுக்குப் பாதி பர்மிஷன் கொடுத்து மீட்டிங்கை முடிப்போம். யாருக்கும் முழுத் திருப்தி இருக்காது, ஆனால் மறுநாள் வேலை நடக்கும். வோர்ம்ஸ் அப்படி ஒரு முடிவு.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது பழநி.

பழநி மூலவரை நவபாஷாணத்தால் செய்தவர் போகர் என்பது மரபு. அவருடைய சீடர் புலிப்பாணி. அவர் வழிவந்த பண்டாரங்களே மலைமேல் பூசை செய்துவந்தார்கள் என்று கோயில் மரபு சொல்கிறது. இது மாறியது திருமலை நாயக்கர் காலத்தில். அவர் மதுரையை ஆண்டது 1623 முதல் 1659 வரை. அவருடைய தளவாய் ராமப்பய்யன். சேதுபதியோடு போருக்குப் போனவர், தன் பெயரில் ஓர் அம்மானையே பாடப்பட்டவர். அவர் பழநிக்கு வந்தார். பண்டாரங்கள் கையால் பிரசாதம் வாங்க அவருக்கு மனமில்லை. கொடுமுடி முதலிய ஊர்களிலிருந்து பிராமணர்களை வரவழைத்து அவர்களிடம் பூசையை ஒப்படைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

ஒரு படைத்தலைவர் வந்தார், பூசகர் மாறினார். இதோடு நிறுத்தினால் இது வெறும் பறிப்பின் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடந்தது. புலிப்பாணி வழியினரை மலையை விட்டு இறக்கிவிடவில்லை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவதும் பூ கொண்டுவருவதும் பண்டாரங்களின் உரிமையாக இருந்தது. கோயில் மேற்பார்வையிலும் கணக்கிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. நவராத்திரியில் மரியாதை கிடைத்தது. விஜயதசமியன்று அசுரன்மேல் அம்பு போடும் உரிமையும் அவர்களுடையதே ஆனது. இன்றும் மலைக்கோயிலுக்குள் போகர் சன்னதி அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது.

வோர்ம்ஸில் செங்கோல் எதுவோ, பழநியில் அம்பு அது. தோற்ற தரப்புக்குக் கொடுக்கப்பட்ட பங்கு அது, ஆண்டுக்கொரு முறை எல்லார் கண்ணெதிரிலும் உறுதி செய்யப்படுகிற பங்கு. ஐரோப்பாவில் தோல் ஏட்டில் எழுதி முத்திரை வைத்தார்கள். இங்கே திருவிழா நாட்காட்டியில் எழுதி வைத்தார்கள். கோயிலில் யார் முதலில் மாலை வாங்குகிறார், யார் பரிவட்டம் கட்டிக்கொள்கிறார், யார் தேர் வடத்தைத் தொட்டுக் கொடுக்கிறார் என்று ஊர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கின்றன என்று சின்ன வயதில் சலித்துக்கொண்டவன் நான். அது வீம்பு மட்டுமல்ல. மரியாதையை ஓர் ஆண்டு விட்டுக்கொடுத்தால் பத்திரத்தில் ஒரு வரி அழிந்த மாதிரி. மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைப் பற்றி எழுதிய நூல் 1981இல் வந்தது. அதில் கோயில் மரியாதை ஒரு பொருளாதார, அரசியல் உரிமையாக எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டியிருப்பார்.

இரண்டு கதைகளுக்கும் நடுவில் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி உண்டு, அமைப்பும் வேறு. ஹென்றிக்கு எதிரே ரோம் இருந்தது, கண்டம் முழுக்க ஆட்களும் சட்டமும் கொண்ட ஒரே நிறுவனமாக. ராமப்பய்யனுக்கு எதிரே அப்படி யாருமில்லை. நம் ஊரில் ஒவ்வொரு கோயிலும் தனி நாடு. அதன் உரிமைகள் அந்த ஊர்ச் சாதிகள், மடங்கள், பாளையக்காரர்களோடு பின்னிக் கிடந்தவை. பண்டாரங்களுக்காகப் பேச ஒரு கிரிகோரி வரவில்லை. அதனால் இங்கே சண்டை நாற்பத்தேழு ஆண்டு நீளவில்லை. முடிவும் இரு தரப்பும் சமமாக உட்கார்ந்து எழுதியது அல்ல.

ஆனால் அந்த ரோமின் கை அதே மதுரை வரை நீண்டிருந்தது. இத்தாலியரான சேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அதே ஆண்டு மயிலாப்பூர் தனி மறைமாவட்டம் ஆனது. அதற்கு பிஷப்பைப் பரிந்துரைக்கும் உரிமை போர்ச்சுகல் அரசனுக்கு! கனோசாவில் எழுந்த அதே கேள்வி, கப்பலேறி மயிலாப்பூரில் வந்து இறங்கியிருக்கிறது. நோபிலியிடம் சேர்ந்தவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாமா என்று கோவாவில் பெரும் சர்ச்சை. வைத்துக்கொள்ளலாம் என்று போப் பதினைந்தாம் கிரிகோரி ரோமிலிருந்து ஆணை இட்டது 1623இல். திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்த அதே ஆண்டு. மதுரையில் ஒருவர் பூணூல் போடலாமா என்பதை ரோமில் ஒருவர் முடிவு செய்தார். பழநியில் யார் கையால் விபூதி வாங்குவது என்பதை மதுரையின் தளவாய் முடிவு செய்தார்.

இந்த இரண்டு வரலாறும் ஒரே மலையில் சந்திக்கின்றன. கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் பின்னால் நின்றால், மேகம் இல்லாத நாளில் கீழே பழநி தெரியும். 1936இல் அந்தக் கோயிலைக் கட்டியவர் லேடி ராமநாதன். ஐரோப்பிய வம்சாவளிப் பெண், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி. இன்று அது பழநி தேவஸ்தானத்தின் கீழ் வருகிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், செண்பகனூரில் சேசு சபையின் மதுரை மறைமாநில ஆவணக் காப்பகம். நாயக்கர் கால அரசியலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும் பகுதி சேசு சபையினர் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் வழியாக வந்தது. மேலே கடிதம், கீழே அம்பு. இரண்டு விதமான ஆவணம். முதலாவதை வரலாறு என்கிறோம். இரண்டாவதை ஐதீகம் என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம்.

தள்ளிவிடுவதால் என்ன நஷ்டம்? இன்றைய சண்டையே புரியாமல் போகும். பரம்பரை அர்ச்சகர் முறையைத் தமிழக அரசு 1971இல் ஒழித்தது. அர்ச்சகர் நியமனம் மதச்சார்பற்ற செயல்தான், ஆனால் ஆகமத்தை மீறக்கூடாது என்று 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியமனம் அரசிடம், தகுதி ஆகமத்திடம். மறுபடியும் ஒரு வோர்ம்ஸ். 2006இல் எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை வந்து பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. அப்படித் திறந்த ஊர்களில் பழநியும் ஒன்று. அங்கே படித்து முடித்தவர்களும் மற்ற ஊர்களில் முடித்தவர்களும் வழக்குகளுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் 24 பேருக்கு நியமன ஆணை கிடைத்தது 2021 ஆகஸ்டில்.

இந்த விவாதத்தில் ஒரு தரப்பு எப்போதும் சொல்வது: கருவறைக்குள் யார் என்பது காலங்காலமாக வந்தது, அரசு அதில் கை வைக்கக் கூடாது. பழநியில் நின்றுகொண்டு இதைச் சொல்வது கஷ்டம். அங்கே கோயில் மரபே, அரசின் கை பட்டுத்தான் பூசகர் மாறினார் என்கிறது. இன்னொரு தரப்புக்கும் அதே மரபில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அரசு கொடுப்பதை அரசே எடுக்கும். ராமப்பய்யனின் விருப்பத்துக்கு நேர் எதிரான விருப்பம் இன்றைய அரசுக்கு இருப்பதால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆணை போடும் நாற்காலி அதேதான். நாளைக்கு அதில் வேறு ஆள் உட்காரலாம். அப்போது அந்த 24 பேருக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் துணை நிற்கப்போவது அரசாணை மட்டும் அல்ல, அவர்கள் கையால் விபூதி வாங்கிப் பழகிப்போன பக்தர்கள்.

விஜயதசமியன்று பழநியில் அம்பு போடும்போது கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். கிட்டத்தட்ட நானூறு ஆண்டுக்கு முன்னால் நடந்ததாகச் சொல்லப்படும் ஓர் அதிகார மாற்றத்தின் மிச்சத்தைத்தான் படம் பிடிக்கிறோம் என்று தெரிந்தால், கொஞ்சம் கூடுதலாக ஸூம் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.