காலசைவில் பிறந்த காற்று: விசிறி நாற்காலிகளின் வரலாறு

உட்கார்ந்திருப்பவரின் கால் அசைவாலோ உடல் ஆட்டத்தாலோ இயங்கி அவர்மீதே காற்று வீசும் விசிறி நாற்காலி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வீட்டுப் பொருளாக அறிமுகமானது. அதை 1786இல் வடிவமைத்தவர் அந்நகரில் இசைக்கருவிகள் செய்துவந்த ஜான் கிராம். அமைப்பு எளிமையானது. சாதாரண மர நாற்காலியின் முதுகுப்புறத்திலிருந்து ஒரு சட்டகம் தலைக்கு மேல் எழும். அதன் உச்சியில் கெட்டி அட்டையாலான அகன்ற விசிறி முன்னும் பின்னும் அசையும்படி பொருத்தப்பட்டிருக்கும். காலடியில் ஒரு மிதிபலகை. அதை மிதித்தால் இணைப்புக் கயிறோ கம்பியோ விசிறியை ஒரு பக்கம் இழுக்கும். காலைத் தளர்த்தினால் விசிறி தன் எடையாலேயே திரும்பி வரும். இரண்டு கைகளும் சும்மா இருக்கும் என்பதுதான் இதன் முழுப் பயன்.

இந்த நாற்காலியை வாங்கியவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை வகுக்கக் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்க 1787இல் அவர் பிலடெல்பியாவில் தங்கியிருந்தார். மே மாதக் கடைசியில் தொடங்கிய மாநாடு செப்டம்பர் 17 வரை, அதாவது கோடை முழுவதும், நடந்தது. அந்தச் சமயத்தில் தன் மவுண்ட் வெர்னான் வீட்டுக்காக ஒரு விசிறி நாற்காலியை அவர் வாங்கினார். இன்று நினைவு இல்லமாக இருக்கும் அந்த வீட்டின் படிப்பறையில் அதன் மறுவடிவம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது.

அதே கோடையில், ஜூலை 13ஆம் தேதி, மாசசூசெட்ஸைச் சேர்ந்த பாதிரியாரும் தாவரவியலாளருமான மனாசே கட்லர், 81 வயதான பெஞ்சமின் பிராங்க்ளினை அவருடைய பிலடெல்பியா வீட்டில் சந்தித்தார். புத்தகங்கள் நிறைந்த அறையில் தான் கண்ட விந்தைப் பொருள்களை எல்லாம் கட்லர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கைக்கெட்டாத உயரத்திலிருந்து புத்தகம் எடுக்கும் நீண்ட மரக்கை அவற்றில் ஒன்று. அடியில் வளைகட்டை பொருத்திய பெரிய கை நாற்காலியும், அதன் மேலே இருந்த பெரிய விசிறியும் இன்னொன்று. காலைச் சற்றே அசைத்தால் போதும், படித்துக்கொண்டே விசிறிக்கொள்ளலாம், ஈயும் விரட்டலாம் என்று அவர் குறித்திருக்கிறார். ஈ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடிக்கும் பழக்கம் அமெரிக்காவில் பரவலானது 1860களுக்குப் பிறகுதான். அதுவரை கோடையில் ஜன்னலைத் திறந்தால் காற்றோடு ஈயும் கொசுவும் சேர்ந்தே வரும். ஆகவே விசிறி நாற்காலியைக் குளிர்ச்சிக்கான கருவியாக மட்டும் பார்ப்பது அதன் வேலையில் பாதியை விட்டுவிடுவதாகும்.

காற்று ஏன் குளிர்விக்கிறது என்பதை அந்தத் தலைமுறையில் நன்றாக அறிந்தவர்களில் பிராங்க்ளினும் ஒருவர். 1758இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வேதியியல் பேராசிரியர் ஜான் ஹாட்லியுடன் சேர்ந்து அவர் ஒரு சோதனை செய்தார். வெப்பமானியின் குமிழை ஈதரில் நனைத்து, அது விரைவாக ஆவியாகும்படி துருத்தியால் ஊதினார்கள். 65 டிகிரி பாரன்ஹீட் காட்டிய வெப்பமானி படிப்படியாக 7 டிகிரிக்கு இறங்கியது. குமிழைச் சுற்றிப் பனிக்கட்டி படர்ந்தது. அதே ஆண்டு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர மருத்துவர் ஜான் லைனிங்குக்கு எழுதிய கடிதத்தில் இதை விவரித்த பிராங்க்ளின், கடும் வெயிலில் அறுவடை செய்பவர்களை வியர்வை எப்படிக் காக்கிறது என்பதையும் இதே காரணத்தைக் கொண்டு விளக்கினார். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரமான, சூடான காற்றை அகற்றி, வியர்வை ஆவியாக வழிவிடுகிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவரது படிப்பறையில் இருந்த நாற்காலி, அந்தத் துருத்திச் சோதனையின் வீட்டு வடிவம் என்றே சொல்லலாம்.

உட்கார்ந்திருப்பவரே உழைத்துப் பெறும் காற்றால் லாபம் உண்டா என்பது நியாயமான சந்தேகம். அசையும் காலும் உடலில் வெப்பத்தை உண்டாக்குகிறது. தசை செலவிடும் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே வேலையாக மாறுகிறது; மீதி எல்லாம் வெப்பம். ஆனால் கணக்குப் போட்டால் விடை நாற்காலிக்குச் சாதகமாகவே வருகிறது. முகத்தையும் மார்பையும் தழுவும் அளவுக்குக் காற்றை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நகர்த்த, ஒரு வாட்டுக்கும் குறைவான திறன் போதும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போதோ சுமார் 2,400 ஜூல் வெப்பம் உடலை விட்டுப் போகிறது. நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, அறை 2 முதல் 3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தது போன்ற உணர்வைத் தரும். விசிறி நாற்காலியின் பலவீனம் உடலின் உழைப்பில் இல்லை. கீல், கயிறு, நெம்புகோல் ஆகியவற்றின் உராய்விலும், முன்னும் பின்னும் அசையும் அட்டை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மறுபடி கிளம்ப வேண்டியிருப்பதிலும்தான் அது இருந்தது. அடுத்த நூறாண்டுக் கண்டுபிடிப்பாளர்கள் மல்லுக்கட்டியது இந்த இடத்தில்தான்.

19ஆம் நூற்றாண்டில் ஆடும் நாற்காலி அமெரிக்க வீடுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. முன் திண்ணையில் ஒன்று, கணப்பு அருகில் ஒன்று என்று வசதி குறைந்த வீடுகளிலும் அது இருந்தது. எப்படியும் ஆடிக்கொண்டிருக்கும் நாற்காலிக்குத் தனியாக மிதிபலகை எதற்கு, அந்த ஆட்டத்தையே விசிறிக்குக் கொடுத்தால் என்ன என்ற யோசனை பலருக்கும் வந்தது. 1836ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் இதற்கு ஊக்கம் தந்தது. ஒரு கருவி புதியதா என்று அரசு அலுவலகமே ஆராய்ந்து 14 ஆண்டு உரிமை தரும் முறை அதில் ஏற்பட்டது. விண்ணப்பத்தோடு ஓரடிக்குள் அடங்கும் மாதிரியும் கொடுக்க வேண்டும். தச்சர்களும் இயந்திரக்காரர்களும் வீட்டு நாற்காலியைப் பிரித்துப் போட்டு யோசித்த காலம் அது. 1948இல் வெளியான தன் புகழ்பெற்ற இயந்திரமயமாதல் ஆய்வில் வரலாற்றாசிரியர் சிக்ஃபிரீட் கீடியன், இப்படிக் காப்புரிமை பெற்ற அறைகலன்களுக்கென்றே விரிவாக இடம் ஒதுக்கினார். அலங்கார அறைகலன் செய்தவர்கள் பழைய பாணிகளைத் திருப்பிச் செய்துகொண்டிருந்தபோது, உடலின் அசைவைப் புரிந்துகொண்டு புதிதாகச் சிந்தித்தவர்கள் இந்தப் பெயர் தெரியாத கைவினைஞர்கள்தான் என்பது அவர் பார்வை. விசிறி நாற்காலிகளைப் பொறுத்தவரை அது முற்றிலும் சரி.

அவர்கள் கண்ட வழிகளை இரண்டு வகைக்குள் அடக்கலாம். முதல் வகையில் விசிறி தலைக்கு மேல் வளைந்த கம்பியில் தொங்கும். நாற்காலி பின்னால் சாயும்போது, தரையில் ஊன்றிய ஒரு கோலோ தரையோடு பிணைத்த கயிறோ நெம்புகோலை இழுக்க, விசிறி முன்னால் வரும். பார்க்க எளிதாகத் தோன்றும் இதில் ஒரு சிக்கல் உண்டு. வளைகட்டையில் ஆடும் நாற்காலி ஆட ஆடத் தரையில் மெல்ல இடம் மாறும். பத்து நிமிடத்தில் அரையடி நகர்ந்துவிட்டால் ஒன்று கயிறு தொய்யும், இல்லையேல் விறைத்துக்கொள்ளும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில், அசையாத அடித்தளத்தின் மேல் வில்சுருள்களில் ஆடும் நாற்காலிகள் பரவியபோது இந்தத் தொல்லை தீர்ந்தது. ஆடும் பகுதியும் ஆடாத பகுதியும் ஒரே பொருளில் சேர்ந்து கிடைத்ததால், இரண்டுக்கும் நடுவே எந்த நெம்புகோலையும் பொருத்த முடிந்தது.

இரண்டாவது வகை துருத்தி. இருக்கைக்கு அடியில் தோல் துருத்தி இருக்கும். ஆட்டம் அதை அமுக்கி விரிக்கும். வெளிவரும் காற்று ஒரு குழாய் வழியே மேலேறி, உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு நேராக வீசும். 1869இல் காப்புரிமை பெற்ற காற்றோட்ட நாற்காலி ஒன்று இவ்வகையைச் சேர்ந்தது; கீடியன் அதன் படத்தைத் தம் நூலில் சேர்த்திருக்கிறார். குழாயை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்பது துருத்தியின் சிறப்பு. ஆனால் துருத்தி தரும் காற்று மெல்லிய தாரையாக வரும். விசிறியைப் போல உடலின் அகன்ற பரப்பைத் தழுவாது. வியர்வை ஆவியாக வேண்டிய இடம் முகம் மட்டுமில்லையே. பயன் என்று பார்த்தால், அழகு குறைந்த தொங்கு விசிறிதான் மேல்.

இதே காலத்தில் தையல் இயந்திரத்துக்கும் விசிறி வந்தது. காலால் மிதிக்கும் இயந்திரத்தின் சக்கரத்திலிருந்து ஒரு பட்டையை இழுத்து, தைப்பவரின் முகத்துக்கு நேரே சிறிய விசிறியைச் சுழலவிடும் இணைப்புகள் காப்புரிமை பெற்றன. நாற்காலி விசிறிகளைவிட இது பொறியியல் வகையில் உயர்ந்தது: சக்கரம் ஏற்கெனவே சுழல்கிறது, நின்று திரும்பும் வீணான அசைவு இல்லை. கோடையில் நாள் முழுவதும் குனிந்து தைத்த பெண்களுக்கு அந்தச் சிறு காற்று எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவையெல்லாம் உருவான அதே உலகில், காற்று வாங்க இன்னொரு வழியும் இருந்தது: வேறொருவரை வீசச் சொல்வது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் தோட்ட மாளிகைகளில் சாப்பாட்டு மேசைக்கு மேல் பெரிய மரவிசிறி தொங்கும். மிசிசிப்பியின் நாட்செஸ் நகரிலுள்ள மெல்ரோஸ் மாளிகையில் அப்படியொன்றை இன்றும் காணலாம். அதன் கயிற்றை இழுத்தவர்கள் அடிமைகள், பெரும்பாலும் சிறுவர்கள். இந்தியாவில் வெள்ளையர் ஆட்சியின் நீதிமன்றங்கள், தேவாலயங்கள், பங்களாக்கள் எங்கும் பங்கா தொங்கியது. சென்னையிலும் அப்படித்தான். கூரையில் தொங்கும் துணிச்சட்டத்தின் கயிறு சுவர்த் துளை வழியாகத் தாழ்வாரத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்து பங்கா இழுப்பவர் மணிக்கணக்கில் இழுப்பார், கை ஓய்ந்தால் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டும் இழுப்பார். உள்ளே இருப்பவருக்குக் காற்று, வெளியே இருப்பவருக்குப் புழுக்கம். மிகக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்த அந்த ஏற்பாட்டில், தானே மிதித்துக் காற்று வாங்கும் நாற்காலி துரைமார் வீடுகளில் வேர்பிடிக்கக் காரணம் ஏதும் இருக்கவில்லை. ஆனால் ஆள் பஞ்சம் மட்டுமே விசிறி நாற்காலியைப் பிறப்பித்தது என்றும் சொல்ல முடியாது. மவுண்ட் வெர்னானில் இருநூறுக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தனர். அவர்களில் ஒருவரை விசிறச் சொல்லும் நிலையில் இருந்த வாஷிங்டனும் மிதி நாற்காலியை வாங்கியிருக்கிறார் என்றால், படிப்பறையின் தனிமைக்கும் அதில் பங்கு இருந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தத் தேவையை வேறு விதமாகத் தீர்த்தது ஊஞ்சல். அங்கே விசிறி அசைவதில்லை. ஆள்தான் காற்றுக்குள் அசைகிறார். கூடத்தின் உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் தேக்குப் பலகையில் அமர்ந்து, பெருவிரலால் தரையை லேசாக உந்தினால் போதும். சங்கிலி இரண்டரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை போய்வர மூன்று நொடிக்குச் சற்று மேல் ஆகும். இருபுறமும் ஓரடி தூரம் ஆடினாலே நடுவில் வேகம் நொடிக்கு 0.6 மீட்டரைத் தொடும். உராய்வு என்பது மேலே கொக்கியும் வளையமும் உரசும் இடத்தில் மட்டுமே. அங்கே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது. கயிறு அறுவதற்கோ நெம்புகோல் உடைவதற்கோ இடமே இல்லாத அமைப்பு. காப்புரிமை அலுவலகத்துக்குப் போன பல விசிறி நாற்காலிகளைவிட இது தேர்ந்த விடை.

அமெரிக்காவில் விசிறி நாற்காலி பெருந்தொழிலாக வளரவே இல்லை. காப்புரிமைகள் குவிந்த அளவுக்கு நாற்காலிகள் விற்கவில்லை. தலைக்கு மேல் சட்டகம் தூக்கிய நாற்காலியை அறை விட்டு அறை நகர்த்துவது சிரமம், கீல்கள் கிறீச்சிடும், மேலும், சில காசுக்குக் கிடைத்த பனையோலை விசிறியோடு அது போட்டியிட வேண்டியிருந்தது. ஈ விரட்டும் வேலையை ஜன்னல் வலையும், சாவி கொடுத்து மேசைமேல் வைக்கும் வில்சுருள் விசிறியும் எடுத்துக்கொண்டன. 1877 செப்டம்பரில் வாஷிங்டன் நகரிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் ஏற்பட்ட தீயில் சுமார் 87,000 மாதிரிகள் எரிந்துபோயின. 1880இல் மாதிரி கொடுக்கும் கட்டாயமும் நீங்கியது. அதனால் இந்தக் கருவிகளில் பலவற்றை இன்று காகித வரைபடங்களாக மட்டுமே பார்க்க முடிகிறது.

1880களில் அமெரிக்கப் பொறியாளர் ஸ்கைலர் வீலர் மின்சார மேசை விசிறியை உருவாக்கினார். அதே பத்தாண்டில், சிங்கர் தையல் இயந்திர நிறுவனத்தில் மின்மோட்டார் வடிவமைத்துவந்த பிலிப் டீல், அந்த மோட்டாரையே கூரையில் பொருத்தி மின்விசிறியாக்கினார். காலால் மிதித்த தையல் இயந்திரத்திலிருந்து பிறந்த மோட்டாரே, காலால் மிதித்த விசிறிக்கு முடிவு கட்டியது. ஆனால் முடிவு உடனே வரவில்லை. 1930களின் நடுப்பகுதியிலும் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1936ஆம் ஆண்டின் கிராமப்புற மின்மயமாக்கல் சட்டத்துக்குப் பிறகே கம்பிகள் வயல்களைக் கடந்தன. மின்சாரம் வந்த வீடுகளில் ஆடும் நாற்காலி தன் இடத்திலேயே இருந்தது. விசிறி மட்டும் அதைவிட்டு விலகித் திண்ணைக் கூரைக்கு ஏறியது.