கல்லோயா வாய்க்கால் தரும் பாடம்

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தொடரும் முஸ்லிம் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். இவ்வூர்களின் வாழ்வு வலையையும் கைத்தறியையும் நம்பியிருப்பது போலவே, அம்பாறை மாவட்டத்தின் பரந்த வயல்வெளியையும் நம்பியிருக்கின்றது. அவ்வயல்வெளிக்கு நீர் வந்த வரலாறு, இன்று உலகெங்கும் வகுக்கப்படும் காலநிலை மாற்றத் தணிப்புத் திட்டங்களுக்கும் பயன்படக்கூடியதொரு வரலாறாகும்.

1949 ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. அமெரிக்காவின் தெனசிப் பள்ளத்தாக்குத் திட்டம் அதற்கு முன்மாதிரியாக விளங்கிற்று. இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. இடதுகரை வாய்க்காலின் மேற்பகுதிகளில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள் அமர்த்தப்பட்டனர். கீழ்ப்பகுதிகளிலோ தமிழ் பேசும் கமக்காரர் வாழ்ந்தனர். 1956 இல் கல்லோயாவில் இனக்கலவரமும் மூண்டது. பொறியியலாளர் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் நீரின் கனவளவையும் நுணுகி அளந்தனர். ஆனால், ஒருவரையொருவர் நம்பாத மக்கள் ஒரே வாய்க்கால் நீரை எவ்வாறு பகிர்ந்துகொள்வர் என்பதை அளந்தவர் எவருமிலர். விளைவு யாது? வாய்க்காலின் தலைப்பில் இருந்தோர் வேண்டியதற்கு மேல் நீர் பெற்றனர்; கடைக்கோடியில் இருந்தோர் வானத்தை நோக்கியிருந்தனர். முப்பது ஆண்டுகளுள் வாய்க்கால்கள் தூர்ந்தன, கதவுகள் உடைந்தன, கமக்காரருக்கும் அலுவலருக்கும் இடையே இருந்த நம்பிக்கையும் அற்றுப்போயிற்று.

1980 ஐ அடுத்த ஆண்டுகளிலே அமெரிக்க உதவியுடன் இடதுகரையைப் புனரமைக்கும் பணி தொடங்கிற்று. இம்முறை நீர்ப்பாசனத் திணைக்களத்துடன் சமூக அறிவியலாரும் சேர்ந்து நின்றனர். இலங்கையின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இப்பணியில் இணைந்தன. கோர்னெலின் சார்பில் இதில் முதன்மையாக ஈடுபட்டவர் நோர்மன் அப்ஹொவ் என்னும் அரசியல் அறிஞர். 1981 இல், இளம் பட்டதாரிகள் அமைப்பாளர்களாக ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் ஆணையிடச் செல்லவில்லை. கமக்காரர் நடுவே குடியிருந்து, வீடு வீடாகச் சென்று, அவரவர் குறையைக் கேட்டறிந்தனர். ஒரே சிறு வாய்க்காலில் நீர் எடுப்போர் ஒரு குழுவாயினர். குழுவின் பிரதிநிதியை வாக்கெடுப்பால் அன்றி, எல்லாரும் ஒப்பித் தெரிந்தெடுத்தனர்.

அவ்வாண்டிலே நீர்த்தேக்கத்தில் நீர் மிகக் குறைந்திருந்தது. எனினும், புனரமைப்பு வேலை முற்றுப்பெறும் முன்னரே, பல ஆண்டுகளாகத் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களைக் கமக்காரர் தாமே வெட்டித் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சம் பிடித்த நீரைக் கீழே உள்ளவர்க்கு விட்டனர். தலைப்பில் இருந்த சிங்களக் கமக்காரர், கடைக்கோடியில் இருந்த தமிழ்க் கமக்காரருக்கு நீர் விட்ட நிகழ்ச்சிகளும் பதிவாகியுள்ளன. 1988 இல், பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களிற் கமக்காரரையும் பங்காளராக்கும் முறையை இலங்கை அரசு தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. 1997 ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் நீர் போதாதென்று கருதப்பட்டபோதும், இடதுகரைக் கமக்காரர் அலுவலர் எண்ணியதைவிடப் பன்மடங்கு பரப்பில் நெல் விளைவித்தனர். நீரின் அளவு கூடவில்லை. பங்கிட்ட முறையே மாறியிருந்தது.

இவ்வரலாறு காலநிலைத் திட்டத்துக்கு எவ்வாறு பொருந்தும்? இடைவிடாது நீர் தேங்கிய வயலின் சேற்றிலே, காற்றுப் புகாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில், அது காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது. நீரை இடையிடையே வற்றவிட்டு மீண்டும் பாய்ச்சினால் மெதேன் பெரிதும் குறையும். துளையிட்ட குழாயொன்றை வயலில் நட்டு, நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்டிமீற்றர் இறங்கியபின் மீண்டும் நீர் பாய்ச்சுவதே அம்முறை. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் இதனைப் பரப்பி வருகின்றது. குழாய் வாங்கச் செலவு மிகுதியில்லை. ஆனால், வற்றவிட்ட வயலுக்கு மறுபடியும் நீர் உரிய நாளில் வருமென்ற உறுதி வேண்டும். அவ்வுறுதி இல்லாதவர் கிடைத்த நீரைத் தேக்கியே வைப்பார். தேங்கிய நீர் களையையும் அடக்குமாதலால், அவர் செயலை அறியாமை என்று ஒதுக்குதல் இயலாது.

அன்றியும், கமக்காரர் எனப்படுபவர் யார்? இக்கரையோர முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடிமுறை நிலைத்திருப்பதையும், வீடும் வயற்காணியும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் செல்வதையும் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே நெடுங்காலம் ஆராய்ந்து எழுதியுள்ளார். ஆகவே காணி மனைவியின் பெயரில் இருக்கலாம். விதைப்பவர் கணவராகவோ குத்தகைக்காரராகவோ இருக்கலாம். நீர் திறப்பதில் வட்டவிதானையின் சொல் செல்லலாம். மெதேனைக் குறைத்ததற்கு ஊக்கப் பணம் வழங்கப்படுமானால் அது யாருக்குச் சேரும்? களை பெருகி விளைச்சல் குறைந்தால் நட்டம் யாரைச் சாரும்? இவ்வினாக்களுக்கு வாயுவை அளக்கும் கருவி விடை கூறாது. ஊரிலே இருந்து கேட்டறிபவரே கூற வல்லவர்.

கேளாமல் வகுத்த திட்டம் என்னாகும் என்பதையும் நாடு கண்டது. நைதரசன் பசளையின் மிகைப் பயன்பாடு மண்ணுக்கும் காலநிலைக்கும் கேடு என்பது உண்மையே. ஆயினும், 2021 ஆம் ஆண்டு இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. கமக்காரர் வீதிக்கு இறங்கினர். அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கிற்று. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டமையால் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நல்ல நோக்கமும் அவசரத்தினாற் பழிக்கு ஆளாயிற்று.

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு, 2022 இல் வெளியிட்ட தணிப்பு அறிக்கையிலே, மக்களின் தேவைகளுக்கும் சமூகக் கூறுகளுக்கும் தனி அத்தியாயமே ஒதுக்கிற்று. அதன் கருத்தைக் கல்லோயாவின் கமக்காரர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே தம் வாய்க்காலிற் காட்டியிருந்தனர். 2050 ஆம் ஆண்டளவில் நிகரக் காபன் வெளியீட்டை இல்லாதாக்குவதாக இலங்கை உறுதி கூறியுள்ளது. அவ்வுறுதி கல்முனை வயல்வரை வருமாயின், குழாயைக் கொண்டுவருமுன், கடைவாய்க்காலில் நிற்பவருக்கு அடுத்த முறை நீர் எந்நாளில் வரும் என்பதைத் திட்டமிடுவோர் கேட்டறிந்து வருதல் வேண்டும்.