மறைக்காடும் வேதாரணியமும்

நாகப்பட்டினத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்வோர் வேளாங்கண்ணியைக் கடந்து வேதாரணியத்தை அடைவர். பேருந்தின் நெற்றியில் எழுதப்பட்டிருப்பது வடமொழிப் பெயர்; தேவாரம் அறிந்த பெயரோ திருமறைக்காடு. மறை வேதமாயிற்று, காடு ஆரணியமாயிற்று. முதுகுன்றம் விருத்தாசலமானதும் இவ்வாறே. ஊர்ப்பெயர் ஆய்வோர் இதனைப் பலமுறை எழுதிவிட்டனர். நாம் நோக்க விரும்புவது வேறொன்று. ஊர்ப்பெயரில் மறை வேதமாயிற்று. நம் திருச்சபை வழக்கிலோ வேதம் மறையாயிற்று. எதிரெதிரான இவ்விரு பயணங்களிலும் பெற்றது என்ன, இழந்தது என்ன?

மறை என்பதற்குப் பழைய நூல்களில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று, பிறர் அறியாதபடி காக்கப்படுவது. திருவள்ளுவர் இப்பொருளிலேயே இச்சொல்லைப் பெரிதும் ஆள்கிறார். ஒற்றனுக்கு வெளிப்படையாகச் சிறப்புச் செய்யும் அரசன் தன் மறையைத் தானே புறப்படுத்துகிறான் என்பது ஒற்றாடல் அதிகாரத்தின் எச்சரிக்கை. கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுசென்று சொல்லும் கயவரை அவர் அறையப்படும் பறைக்கு ஒப்பிடுகிறார். காதலரின் மறையை ஊரார் கண்டுகொள்வதும் இன்பத்துப்பாலில் வருகிறது. வடவர் வேதத்தைச் சுட்ட நேரும்போது, ஓத்து என்றும் அந்தணர் நூல் என்றும் அவர் கூறுவது கருதத்தக்கது.

மற்றொரு பொருள் அந்த வேதமே. புறநானூற்றின் இரண்டாம் பாட்டு அதனை வேதம் என்றே கூற, ஆறாம் பாட்டு நான்மறை என்கிறது. ஆகவே இரு சொற்களும் பக்கம்பக்கமாகவே வாழ்ந்தன. ஆனால் அவற்றின் வேர்கள் ஒன்றல்ல. வேதம் என்ற வடசொல் அறிதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. மறையோ மறைந்திருத்தலிலிருந்து பிறந்தது. ஒரே நூலை வடமொழியாளர் அறியப்பட்டது என்றனர். தமிழர் மறைந்திருப்பது என்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று.

இடையே ஒரு வழக்கையும் சொல்லிவிட வேண்டும். இவ்வூர் முதலில் மரைக்காடு என்றும், மரை என்னும் மானினம் திரிந்த காடாகையால் அப்பெயர் பெற்றது என்றும் சிலர் கூறுவர். அருகிலுள்ள கோடியக்கரையில் வெளிமான்கள் மிகுதி. அவற்றின் பொருட்டு 1967-இல் அங்குச் சரணாலயமே அமைந்தது. ஆயினும் நமக்கு இவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. குறுந்தொகையின் 235-ஆம் பாட்டில் மரைக்கூட்டம் அருவி வீழும் மலைச்சாரலில், குடிசை முற்றத்து நெல்லியை மேய்கிறது. அது மலைவிலங்கு. நம் கடற்கரை மானைப் பழந்தமிழர் இரலை என்றோ புல்வாய் என்றோ அழைத்திருப்பர். எவ்வாறாயினும் ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பாடும்போதே நான்மறைகள் வழிபட்ட ஊர் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

அவ்வெண்ணத்தினின்று எழுந்ததே கதவுக் கதை. வேதங்கள் இறைவனை வழிபட்டுக் கதவை அடைத்துச் சென்றன. மக்கள் வேறொரு வாயில் வழியே சென்று வழிபட்டுவந்தனர். அப்பரும் சம்பந்தரும் வந்தபோது அப்பர் பதிகம் பாடிக் கதவைத் திறப்பித்தார். பின்னர்ச் சம்பந்தர் பாடி அடைப்பித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதனை விரித்துரைத்த சேக்கிழார், அப்பரின் மனவருத்தத்தையும் மறைக்கவில்லை. தமக்கு அரிதில் திறந்த கதவு இளையவருக்கு எளிதில் அடைத்துக்கொண்டதே என்று அம்முதியவர் வருந்தினார். ஐம்பதைக் கடந்த எந்தக் குருவுக்கும் இவ்வருத்தம் விளங்கும்! அடைத்த கதவும் மறை என்னும் சொல்லும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. வேதாரணியம் என்று மொழிபெயர்த்தபோது பொருள் வந்தது, கதவு வரவில்லை.

இனி நம் வழக்கு. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் நோபிலி சுவாமிகள் காலந்தொட்டே கிறிஸ்தவர்கள் தம் சமயத்தை வேதம் என்றனர். வீரமாமுனிவர் உரைநடை நூல்களுக்கு ‘வேதியர் ஒழுக்கம்’, ‘வேத விளக்கம்’ என்று பெயரிட்டார். ஊர் வழக்கில் நாம் வேதக்காரர் ஆனோம். ஆலயம் வேதக்கோயில் ஆயிற்று. 1752-இல் உயிர்நீத்த தேவசகாயம் பிள்ளையை மக்கள் வேதசாட்சி என்றனர். 2022-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் கூறியது மறைசாட்சி என்று.

இந்த மாற்றம் பெரும்பாலும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் நிகழ்ந்தது. மேற்றிராசனம் மறைமாவட்டமாயிற்று, பிரசங்கம் மறையுரை, ஞானோபதேசம் மறைக்கல்வி. செபமாலையின் தேவ இரகசியங்கள் மறைபொருள்கள் ஆயின. இவற்றுள் கடைசியது அரிய பேறு. ‘மிஸ்தேரியோன்’ என்னும் கிரேக்கச் சொல் வாயையோ கண்ணையோ மூடுதலைக் குறிக்கும் வேரினது. முன்பு மறைந்திருந்து இப்போது வெளிப்படுத்தப்பட்டது என்று எபேசியர் திருமுகம் சொல்வதற்குத் தமிழில் இதனினும் பொருந்தும் சொல்லை நாம் அறியோம்.

மறைக்கல்விக்கு மட்டும் அவ்வளவு எளிதில் வாழ்த்துக் கிட்டவில்லை. ஞாயிறு வகுப்பின் புதிய பெயர்ப்பலகையைப் பேரனைக் கொண்டு படிக்கச்சொல்லிக் கேட்ட ஒரு மூதாட்டி நம்மிடம், “பிள்ளைகளுக்கு எதைச் சாமி மறைச்சு மறைச்சுச் சொல்லித் தாரீங்க?” என்றார். நாம் சிரித்தோம். அறைக்குத் திரும்பிக் குறளைப் புரட்டியபோதுதான், திருவள்ளுவர் பெரிதும் ஆண்ட பொருளிலேயே அவரும் பேசினார் என்பது தெரிந்தது. ‘வேதம் படிச்சேன்’ என்று தம் இளமையைச் சொன்ன அவருக்கு அச்சொல் வடமொழியும் அன்று, அயலதும் அன்று.

ஒரு சொல் மட்டும் இம்மாற்றத்தில் அகப்படாது நிற்கிறது. பழைய இலக்கியத்தில் வேதியர் என்றால் அந்தணர். நம் பங்குகளில் அப்பெயர் பெற்றவரோ மந்திரம் சொல்லிக்கொடுத்து, நோயாளியைச் சந்தித்து, குரு வர இயலாத நாளில் இறந்தோரை அடக்கம் செய்தவர். எக்குடியில் பிறந்தார் என்று அச்சொல் கேட்டதில்லை. மறையவர் என்று மாற்றலாமா எனில், அதுவும் அந்தணரையே குறிக்கும் பழஞ்சொல். எனவே மறைமாவட்டத்தில், மறைக்கல்வி கற்பிக்கும் அவர் இன்றும் வேதியராகவே இருக்கிறார்.