வகுப்பறைக் கணினிப் பயன்பாடு: தடைகள்

கிழக்கு லண்டனின் பார்க்கிங் வட்டாரம் போல வருவாய் குறைந்த குடும்பங்கள் மிகுந்த பகுதிகளில், வகுப்பறைக் கணினிக்குத் தடை எது என்றால் பணம் என்ற விடைதான் முதலில் வரும். பாதி உண்மை. பிரிட்டன் அரசு 1998இல் தேசியக் கற்றல் வலையமைப்பைத் தொடங்கிப் பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் சேர்த்தது. 1999 முதல் ஆசிரியர் பயிற்சிக்கு 23 கோடி பவுண்டு லாட்டரி நிதியும் ஒதுக்கப்பட்டது. ஆயினும் பெக்டா என்ற அரசு முகமையின் 2004ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு, கருவிப் பற்றாக்குறையோடு தன்னம்பிக்கைக் குறைவு, நேரமின்மை, பொருந்தாத பயிற்சி, கருவிப் பழுது ஆகியவற்றையும் சுட்டியது. பாடத்தின் நடுவே கணினி நின்றுவிடும் என்று அஞ்சும் ஆசிரியர் பலகைக்கே திரும்புவார். அதைச் சோம்பல் என்பது அநியாயம்.

கருவியே இல்லாதபோது நம்பிக்கை எதற்கு என்று கேட்கலாம். 2020இல் தொடங்கிய கொரோனா முடக்கத்தில் அந்தக் கேள்வி வலுத்தது. இங்கிலாந்து அரசு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளை வழங்க வேண்டியதாயிற்று. ஆனால் அது வீட்டில் இருந்த குறை. தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினித் திட்டமும் (2011) கருவியை மாணவர் கையில்தான் கொடுத்தது. பாடவேளையில் அதற்கு இடம் தருவது ஆசிரியரும் தேர்வுமுறையும். இரு இடங்களிலும் பள்ளிப் பொதுத்தேர்வுகள் இன்னும் பெரும்பாலும் பேனாவால்தான் எழுதப்படுகின்றன.