பல் தேய்வும் பண்டை வரலாறும்

காங்கேசன் எனப்படும் முருகப்பெருமானின் திருவுருவம் கடல்வழியாக வந்திறங்கிய துறையே காங்கேசன்துறை என மாவிட்டபுரத் தலமரபு கூறும். மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தமாடிக் குதிரைமுகம் நீங்கப்பெற்ற கதையும் அப்பகுதியார் அனைவரும் அறிந்ததே. இவ்வாறு அரசகுமாரியரையும் ஆலயங்களையும் பற்றிய செய்திகள் மரபிலே நிலைத்திருக்க, அதே கரையில் மீன் பிடித்தும் நிலங்கொத்தியும் வாழ்ந்த பொதுமக்கள் யாது உண்டனர், எவ்வயதில் இறந்தனர் என்னும் வினாக்களுக்கு யாழ்ப்பாண வைபவமாலை முதலிய நூல்களில் விடை இல்லை. எழுதப்படாத அவ்வரலாற்றின் ஒரு பகுதி அம்மக்களின் பற்களிலே பதிந்துள்ளது. அதனைப் படித்தறியும் முறை யாது என்பதும், குடாநாட்டின் வரலாற்றுக்கு அதனால் விளையும் பயன் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

மனித உடலில் யாவற்றினும் வலிய பொருள் பல்லின் மேலுறையாகிய மிளிரி ஆகும். அதன் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 96 பங்கு கனிப்பொருளே. ஆதலின், எலும்பு உக்கிப்போன புதைகுழிகளிலும் பற்கள் எஞ்சிநிற்றல் உண்டு. முறிந்த எலும்பு மீண்டும் கூடும். மிளிரியோ ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் வளர்வதில்லை. அது தேய்ந்தவிடத்தில் மஞ்சள் நிறமுடைய உட்பகுதியாகிய பன்முதல் வெளிப்படும். வாழ்நாள் முழுவதும் மென்றவற்றின் விளைவை அழியாது சேர்த்துவைக்கும் கணக்கேடு போன்றது பல் எனலாம்.

தேய்வு மூவகைப்படும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரைதலால் வருவது ஒன்று. உணவில் கலந்த மணலும் கற்பொடியும் அராவுதலால் வருவது மற்றொன்று. புளிப்புப் பொருள்கள் கரைத்தலால் வருவது மூன்றாவது. இவற்றோடு, பல்லைக் கருவியாகக் கொள்ளும் தொழிலாலும் தேய்வு நேரும். வடதுருவத்தையடுத்து வாழும் இனுயிட் மகளிர் விலங்குத் தோலைப் பல்லால் மென்று பதப்படுத்தியமையால், அவர்தம் முன்பற்கள் பெரிதும் தேய்ந்திருந்தன.

இறந்தோரின் வயதைக் கணித்தலே இவ்வாராய்ச்சியின் முதற்பயன். நிலைப்பற்களுள் முதற் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 6 வயதிலும், இரண்டாவது 12 வயதிலும், மூன்றாவது 18 வயதளவிலும் முளைக்கும். எனவே, இரண்டாவது பல் முளைக்கும்போது முதலாவது பல் ஆறு ஆண்டுத் தேய்வைப் பெற்றிருக்கும். ஒரு மக்கட்கூட்டத்து இளையோரின் பற்களைக்கொண்டு ஆறு ஆண்டில் எவ்வளவு தேய்வு நேர்ந்ததென அறிந்தபின், அவ்வளவைக்கொண்டே முதியோரின் வயதையும் கணிக்கலாம். இங்கிலாந்தின் பழைய சாக்சன் மக்களுடைய மண்டையோடுகளைக்கொண்டு மைல்ஸ் என்பார் இம்முறையை 1963 இல் விளக்கினார். அதே ஆண்டில் பிரத்வெல் என்பாரும் தேய்வின் படிகளை வயதோடு பொருத்திய அட்டவணையொன்றை வெளியிட்டார்.

இரண்டாவது பயன் உணவை அறிதலாகும். 1984 இல் ஹோலி சிமித் என்னும் அம்மையார், வேட்டையாடி வாழ்ந்த மக்களையும் உழுதுண்டு வாழ்ந்த மக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். நாரும் தசையும் மிக்க வல்லுணவை மென்ற முன்னையோரின் கடைவாய்ப்பற்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தன. அரைத்தும் கலத்திலிட்டு வேகவைத்தும் உண்ட பின்னையோரின் பற்கள் சரிவாகத் தேய்ந்திருந்தன. மென்மையான மாவுணவு பெருகியபோது தேய்வு குறைந்தது. ஆயின், உலகின் பல பகுதிகளில் சூத்தைப்பல் மிகுந்தது. அம்மியும் அடுப்பும் மாறிய வரலாறு பல்லிலே தெரிகின்றது.

இலங்கையில் பற்களைக்கொண்டு பண்டைய வாழ்வை அறியும் முயற்சி புதியதன்று. பலாங்கொடை மனிதர் எனப்படும் தொன்மக்களின் எச்சங்களைத் தெரணியகல முதலியோர் குகைகளிலும் வெளிகளிலும் அகழ்ந்தெடுத்தனர். அவற்றைக் கெனெத் கெனெடி உடலியல் முறையில் ஆராய்ந்தார். 2015 இல் வெளியான ஆய்வொன்று, அம்மக்களின் பல் மிளிரியிலுள்ள கரிம, ஒட்சிசன் வேறுபாடுகளை அளந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அவர்கள் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர் என நிறுவியது.

இரும்புக்காலத்துக்கு வருங்கால், புத்தளத்துக்கு வடக்கேயுள்ள பொம்பரிப்பு முதன்மை பெறும். அங்குள்ள தாழிக்காடு 1920களிலும் 1950களிலும் தோண்டப்பெற்று, 1970 இல் விமலா பெக்லி முதலியோரால் முறைப்படி அகழப்பட்டது. அங்குக் கிடைத்த பற்களை யோன் லூக்காக்ஸ் ஆராய்ந்தார். பொம்பரிப்புத் தாழிகள், கடலுக்கு அப்பாலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்திருத்தலைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். 1899 முதல் அலெக்சாந்தர் றியா அகழ்ந்த ஆதிச்சநல்லூரின் மண்டையோடுகளைப் பற்றிய சுக்கர்மனின் ஆய்வு 1930 இல் வெளிவந்தது. அக்கால அறிஞர் மண்டையோட்டை அளந்து இனம் பிரித்தலிலேயே பெரிதும் கருத்தூன்றினர். இறந்தோர் எவ்வினத்தவர் என்பதனினும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே இன்று முதன்மையான வினாவாகும். அதற்கு விடை கூறுவதில் பல் தேய்வு சிறப்பிடம் பெறுகின்றது.

இனிக் குடாநாட்டை நோக்குவாம். காங்கேசன்துறை வீதியிலுள்ள சுன்னாகத்தை அடுத்த கந்தரோடையில் போல் பீரிஸ் 1917 ஆம் ஆண்டளவில் ஆய்வு நடத்தினார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கு மேற்கொண்ட அகழ்வினால், கிறித்துவுக்கு முன்னரேயே செழித்திருந்த குடியிருப்பு வெளிப்பட்டது. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் கறுப்பு சிவப்பு மட்கலங்களோடு புதைக்கப்பட்ட மனித எலும்புக்கூடுகளைக் கண்டனர். பிராமி எழுத்துடைய முத்திரையொன்றும் உடன் கிடைத்தது. முத்திரையின் எழுத்தைப் பற்றி எழுந்த உரைகள் பல. அதனையொத்த கவனம் அக்குழியிற் கிடந்தோரின் பற்களுக்கும் உரியதே.

பிற்காலத்தவரின் பற்கள் கிடைத்தல் அரிது. சைவ மக்கள் இறந்தோரை எரித்து, எஞ்சிய சாம்பலையும் எலும்பையும் கீரிமலைக் கடலிற் கரைக்கும் வழக்கமுடையர். ஆதலின், எரியூட்டும் வழக்கம் பரவுமுன் புதைத்தோரின் எச்சங்களே குடாநாட்டுக்கு அரிய சான்றாகின்றன. சுண்ணாம்புக்கல் நிலத்தில் எலும்பு நெடுநாள் நிற்றலும் கூடும். புளிப்புத்தன்மை மிக்க மண்ணிலோ அது விரைவிற் கரைந்துவிடும்.

இந்நிலத்துக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. கனிப்பொருள்களின் வன்மையை அளக்கும் மோவின் அளவுகோலில் சுண்ணாம்புக்கல்லின் கனிப்பொருள் 3 ஆம் நிலையிலும், மிளிரி ஏறத்தாழ 5 ஆம் நிலையிலும், வெண்மணலின் குவார்ட்சு 7 ஆம் நிலையிலும் உள்ளன. சுண்ணாம்புக்கற்பொடி மிளிரியைக் கீறவல்லதன்று. குவார்ட்சு மணலோ எளிதிற் கீறும். காங்கேசன்துறைப் பக்கம் சுண்ணாம்புக்கற் பாறை நிலம். வல்லிபுரம், அம்பன், நாகர்கோயில் பக்கங்களில் குவார்ட்சு மணல் மிக்குளது. குடாநாட்டில் கருங்கல் இயற்கையாக இல்லாமையால், கருங்கல் அம்மியும் திரிகையும் வன்னியிலிருந்தோ கடல் கடந்தோ வந்திருத்தல் வேண்டும். எனவே, சுண்ணாம்புக்கல் நிலத்தில் வாழ்ந்தவரின் பல்லில் ஆழ்ந்த கீறல்கள் காணப்படின், அவை வெளியிலிருந்து வந்த அரைகல்லையோ, மணற்கரையில் உலர்த்திய கருவாட்டையோ குறிக்கலாம். புழுக்கொடியல் போன்ற வன்மையும் நாரும் உடைய உணவின் பங்கையும் அங்கு ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்து மக்களுக்கு வகுத்த அட்டவணையை அவ்வாறே எடுத்து யாழ்ப்பாணத்தார் பல்லின்மேற் பொருத்துவது பிழையாக முடியும். உணவும் மணலும் அரைகல்லும் வேறாகுமிடத்துத் தேய்வின் வேகமும் வேறாகும். அளவுகோல் அந்தந்த மக்களின் இளையோர் பற்களிலிருந்தே பெறப்படல் வேண்டும். அதற்கு ஓரிரு பற்கள் போதா. குழந்தை முதல் முதியோர் வரை பலரின் பற்கள் வேண்டும்.

இங்குதான் இடர் பெரிதாகின்றது. காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்காகச் சுண்ணாம்புக்கல் ஆழ அகழப்பட்டது. 1990 இல் போரினால் மக்கள் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கின் காணிகள் பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பியோர் வீட்டுக்கு அத்திவாரமும் கிணறும் தோண்டுவது இயல்பே. மண்வெட்டியின் முனையில் பழைய மட்கலமும் பல்லும் வருமாயின், அவை கிடந்த ஆழமும் இடமும் குறிக்கப்படாமல் அகற்றப்படும்போது சான்று கெடும். எந்தக் கலத்தோடு, எந்த எலும்போடு கிடந்தது எனத் தெரியாத பல்லிலிருந்து வரலாறு எழுதுதல் அரிது. தொல்பொருள் கண்டோர் உரியவர்க்கு அறிவித்தல் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்தின்படியும் கடமையாகும். மனித எச்சமாயின், அதனை இருந்தவாறே விட்டு உடனே அறிவித்தல் மேலும் இன்றியமையாதது.

இறந்தோரை மதித்தல் தமிழர் மரபு. ஆடி அமாவாசையிற் கீரிமலையில் தந்தையர்க்கு நீரும் எள்ளும் இறைப்போர் பெயர் தெரிந்த மூன்று தலைமுறையை நினைக்கின்றனர். பெயர் தெரியாத முன்னோர் இந்நிலத்தில் எதை உண்டு, எவ்வளவு காலம் வாழ்ந்து மறைந்தனர் என்பதை மதிப்போடும் முறையோடும் அறிதலும் அவர்க்குச் செய்யும் கடனே. மன்னர் வரலாற்றை ஏடுகள் காத்தன. குடிகளின் வரலாற்றைக் காத்துவைத்திருப்பது மண். அம்மண்ணைத் தோண்டுவோர் கருத்தோடு தோண்டுவாராக.