இரவல் ஏட்டில் ஏறாத வாசகர்

நூலகப் பயன்பாட்டைச் சான்றோடு பேச வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மறுப்பில்லை. எது சான்று என்பதில்தான் சிக்கல். இரவல் எண்ணிக்கையே முதன்மைச் சான்று என்று கொள்ளும் மரபு ஒன்று நூலகவியலில் வேரூன்றியிருக்கிறது. அந்த அளவுகோலைத் திருக்கோகர்ணத்து ஞானாலயா நூலகத்துக்குக் கொண்டுவந்தால், அளக்க அங்கே எதுவும் இருக்காது; அது நூல்களை இரவல் தராமல், உட்கார்ந்து பார்க்க மட்டும் தரும் நூலகம்.

அம்மரபு திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம், 1979-இல் ஆலன் கென்ட் குழுவினர் வெளியிட்ட பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு. அங்கே 1969-இல் வாங்கிய நூல்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு 1975 முடியும்வரை ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்பது அதன் முடிவு. அந்த எண்ணை நான் ஐயுறவில்லை. ‘இரவல் போகவில்லை’ என்பது மேற்கோளுக்கு மேற்கோள் கைமாறி ‘யாரும் படிக்கவில்லை’ என்று ஆகிவிட்டதே, அதைத்தான் ஐயுறுகிறேன். நூலகத்துக்குள்ளேயே படிக்கப்பட்டவற்றையும் அக்குழுவினர் மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். அவையும் பெரும்பாலும் இரவல் போனவையே என்றார்கள். நியாயமாக இதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மேசைமேல் விட்டுச் சென்ற நூல்களை வைத்துப் போட்ட கணக்கு அது. அலமாரியோரம் நின்றபடியே புரட்டி, எடுத்த இடத்திலேயே செருகிவிட்டுப் போகிறவர் அதில் அகப்படமாட்டார். தவிர, இரவல் தரும் நூலகத்தில் கண்ட ஒப்புமையை, உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே அமைந்த நூலகத்துக்கு எந்த நியாயத்தில் நீட்டுவது?

பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி இணையர் சேர்த்த லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் ஞானாலயாவில் உள்ளன; முதற்பதிப்புகளுக்கு அது பேர்போனது. முதற்பதிப்பைத் தேடி வருகிறவர் பெரும்பாலும் நூலைப் படிக்க வருவதில்லை. நூல் மறுபதிப்பில் கிடைக்கும். அவருக்கு வேண்டியது பின்னால் உதிர்ந்துபோன முன்னுரை, அணாக்கணக்கில் விலை, அச்சுக்கூடத்தின் பெயர், கடைசித் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிழைதிருத்தம். சீவகசிந்தாமணியின் 1887 பதிப்பையும் 1907 பதிப்பையும் அருகருகே விரித்து, பதிப்பாசிரியர் உ.வே.சா. எங்கே பாடத்தை மாற்றினார் என்று பார்ப்பவரை நினைத்துக்கொள்ளலாம். நாள் முழுக்க அவர் புரட்டியது இரண்டே நூல். அவர் குறித்துக்கொண்டு போவதோ ஒரு பதிப்பில் ஏறி, அந்த நூலகத்தின் பெயரையே கேட்டிராத மாணவரிடம் போய்ச் சேரும்.

ஆகவே சான்றை வேறிடத்தில் தேட வேண்டும் என்பேன்: ஆய்வேடுகளின் நன்றியுரைகளில், செம்பதிப்புகளின் முன்னுரைகளில், அடிக்குறிப்புகளில். நன்றியுரை சடங்காகிவிட்டது என்பார்கள். ஆகட்டும், அந்தச் சடங்கிலும் நூலகத்தில் போய் உட்கார்ந்தவரின் பெயர் உண்டு, இரவல் தேதிச்சீட்டில் அதுகூட இல்லை. அரிதாகவே எடுக்கப்படும் நூல்களைக் காக்க வேண்டிய இடமும் பராமரிப்புச் செலவும் பெரும் சுமைதான், ஆனால் அது நிதி பற்றிய கேள்வி, பயன்பாடு பற்றியது அல்ல. நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் வெளியிட்ட நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்ற கருத்துக்கு மூன்றாம் இடம் தந்தார். அந்த வாசகர் எத்தனை ஆண்டுக்குள் வர வேண்டும் என்று அவர் கெடு வைக்கவில்லை.

நன்றியுரையிலும் ஏறாதவர் ஒருவர் மிச்சமிருக்கிறார். முதற்பதிப்பில் ஒரு முன்னுரை இருந்ததாகக் கேள்விப்பட்டு வந்து, புரட்டிப் பார்த்து, இல்லை என்று உறுதி செய்துகொண்டு திரும்புகிறவர். அவருக்கு விடை கிடைத்துவிட்டது. அதை எழுத எந்தப் பதிவேட்டிலும் இன்னும் பத்தி போடவில்லை.