மருத்துவ அலட்சிய வழக்குகளில் பிரேதப் பரிசோதனை

சிகிச்சையில் நேர்ந்த தவறால் ஒருவர் இறந்தார் என்ற புகார் எழும்போது, இறப்புக்கான காரணத்தை உடலைத் திறந்து பார்த்து நிறுவும் முறை இது. உடற்கூறாய்வு, போஸ்ட்மார்ட்டம் என்றும் வழங்குகிறது. உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பரிசோதனை சொல்லும். அதற்கு மருத்துவர் பொறுப்பா என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கு விடை இல்லாத வழக்கில் இரண்டாவது கேள்வி வெறும் காகிதச் சண்டையாகிவிடுகிறது.

சட்டத்தின் தேவைக்காக உடலை அறுத்துப் பார்த்த தொடக்ககாலப் பதிவுகளில் ஒன்று இத்தாலியின் பொலோனியா நகரைச் சேர்ந்தது. 1302இல் ஒருவர் நஞ்சூட்டப்பட்டாரா என்று அறிய, பார்த்தொலோமியோ தா வாரிஞானா உள்ளிட்ட மருத்துவர்கள் அவர் உடலைச் சோதித்தார்கள். அங்கே சந்தேகம் கொலை பற்றியது. மருத்துவம் பார்த்தவர் மீதே சந்தேகம் விழுந்த வழக்கு ஒன்றுக்கு நம் சென்னையே சாட்சி.

இந்தியாவில் பதிவாகியுள்ள முதல் சட்டமுறைப் பிரேதப் பரிசோதனை 1693 ஆகஸ்டில் புனித ஜார்ஜ் கோட்டையில் நடந்தது. இறந்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் குழு உறுப்பினர் ஜேம்ஸ் வீலர். அவருக்கு மருந்து கொடுத்தவர் கம்பெனி மருத்துவர் சாமுவேல் பிரவுன். வெள்ளைப் பாஷாணம் (ஆர்சனிக்) அரைத்த கல்வத்தைக் கழுவாமல், அதிலேயே முத்தைப் பொடித்திருக்கிறார்கள். அந்த முத்துப் பொடிதான் வீலரின் வயிற்றுக்குள் போனது. பிரவுன் எதையும் மறைக்கவில்லை. தம் கையால் வீலர் இறந்துவிட்டார் என்று ஆட்சிக் குழுவுக்கு அவரே எழுதினார். உடலைச் சோதித்தவர் இன்னொரு கம்பெனி மருத்துவர் எட்வர்ட் பல்க்லி. கைதான பிரவுன் விசாரணையில் விடுவிக்கப்பட்டார். சாவுக்குக் காரணம் தெரிந்தது, காரணமானவர் யார் என்பதும் தெரிந்தது, ஆனால் அது குற்றமாகவில்லை. பின்னாளில் நீதிமன்றங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட சிக்கல் முழுவதும் இந்த ஒரு வழக்கிலேயே அடங்கியிருக்கிறது. பாஷாணத்தை உடலில் கண்டறியும் நம்பகமான வேதிச் சோதனைகள் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. சென்னையில் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் அமைந்தது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் அதுவே.

அதற்கு முந்தைய ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த ஒரு மரணம் பரிசோதனையின் எல்லையைக் காட்டியது. 1848 ஜனவரி 28 அன்று, நியூகாசில் அருகே வின்லேட்டனில், கால் நகத்தை எடுப்பதற்காக 15 வயது ஹன்னா கிரீனருக்குக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். அந்த மயக்கமருந்து புழக்கத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. உடலைத் திறந்து பார்த்த ஜான் ஃபைஃப், ராபர்ட் குளோவர் இருவரும் நுரையீரலில் ரத்தம் தேங்கியிருந்ததைக் கண்டார்கள். குளோரோஃபார்மால் நேர்ந்த சாவு, யார் மீதும் குற்றமில்லை என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. அந்த மருந்தை அறிமுகப்படுத்திய ஜேம்ஸ் சிம்ப்சன் இதை ஏற்கவில்லை. மயங்கியவளின் வாயில் ஊற்றிய தண்ணீரும் பிராந்தியுமே மூச்சை அடைத்தன என்று வாதிட்டார். மயக்கமருந்தால் நேரும் சாவுகளில் உடல் தெளிவான அடையாளம் எதையும் காட்டாமல் போவது இன்றும் உண்டு.

வழக்குகளுக்கு வெளியே, மருத்துவத்துக்குள்ளும் பரிசோதனை வளர்ந்தது. நோயையும் உறுப்பையும் இணைத்துப் பார்க்கும் பழக்கம் பதுவா பேராசிரியர் மொர்காக்னி 1761இல் வெளியிட்ட நூலால் வலுப்பட்டது. மருத்துவர்கள் தம் தவற்றைத் தாமே தேடிக் கண்ட பெரிய நிகழ்வு 1847இல் வியன்னாவில் நடந்தது. பிணத்தை அறுக்கும்போது கத்தி குத்தி இறந்த மருத்துவர் கொலெச்காவின் பரிசோதனை அறிக்கை, பிரசவக் காய்ச்சலில் மாண்ட தாய்மார்களின் அறிக்கைகளை ஒத்திருப்பதை இக்னாஸ் செம்மல்வைஸ் கவனித்தார். பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வந்த மருத்துவர்களின் கைகளே நோயைக் கொண்டுவந்தன.

அமெரிக்காவில் ரிச்சர்ட் கேபட் 1912இல், 3,000 பரிசோதனைகளை வைத்து, உயிரோடு இருக்கும்போது கணித்த நோய்க்கும் இறந்த பின் கண்ட நோய்க்கும் உள்ள இடைவெளியை வெளிப்படையாக எழுதினார். போஸ்டன் மருத்துவமனை ஒன்றின் 1960, 1970, 1980ஆம் ஆண்டுப் பரிசோதனைகளை ஒப்பிட்ட கோல்ட்மன் குழுவின் 1983 ஆய்வும் அதே திசையில் போயிற்று. தெரிந்திருந்தால் சிகிச்சையே மாறியிருக்கக்கூடிய நோய், ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் தவறவிடப்பட்டிருந்தது. ஸ்கேன் கருவிகள் வந்த பிறகும் இந்த அளவு குறையவில்லை. ஆனாலும், குறைந்தது 20 விழுக்காடு இறப்புகளிலாவது பரிசோதனை நடக்க வேண்டும் என்று மருத்துவமனை அங்கீகாரத்துக்கு விதித்திருந்த நிபந்தனை அங்கே 1970களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. வழக்கு வரும் என்ற அச்சமும் பரிசோதனைகள் குறைந்ததற்கு ஒரு காரணம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் போதாது. மேல்முறையீட்டுக்குச் சென்ற 99 வழக்குகளை ஆராய்ந்து 2002இல் வெளியான போவ், ஐரி ஆய்வின்படி, நோய்க்கணிப்பு தவறியதா என்பதைவிட, சிகிச்சை ஏற்கப்பட்ட தரத்தில் இருந்ததா என்பதே தீர்ப்பை முடிவு செய்தது. பரிசோதனை முடிவுகள் மருத்துவர்களுக்குத் துணைநின்றதும் உண்டு.

சிகிச்சையின் தரமே தீர்ப்பை முடிவு செய்யும் என்பதற்கு இந்தியாவில் தெளிவான சான்று மருத்துவர் சுரேஷ் குப்தா மீதான வழக்கு. 1994இல் டெல்லியில் மூக்கின் குறையைச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையின்போது ஓர் இளைஞர் இறந்தார். அறுத்த இடத்திலிருந்து கசிந்த ரத்தம் மூச்சுப்பாதையை அடைத்ததே காரணம் என்று பரிசோதனை காட்டியது. உரிய அளவுக் குழாயைத் தொண்டையில் பொருத்தியிருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பது குற்றச்சாட்டு. கவனக்குறைவு இருக்கலாம், அதற்கு இழப்பீடு கேட்கலாம், ஆனால் குற்றவியல் தண்டனைக்கு அது கடும் அலட்சியமாக இருக்க வேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதிசெய்து, காவல்துறை நடவடிக்கைக்கு முன் சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற வேண்டும் என்றது. சென்னை 1693இல் தொட்ட இடத்துக்கே டெல்லி வந்து சேர்ந்தது.

கருத்து எதுவானாலும் அது பிணவறை மேசையில் செய்த வேலையின் தரத்தைத் தாண்டாது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இறந்தவரின் உடலிலிருந்து குழாய், ஊசி, தையல் எதையும் அகற்றாமல் அனுப்ப வேண்டும். ரத்தக்குழாயில் காற்று புகுந்ததா என்ற ஐயம் இருந்தால், மற்ற இடங்களைத் திறப்பதற்கு முன் இதயத்தைச் சோதிக்க வேண்டும். நஞ்சு தேட வைக்கும் உறுப்புகள் உப்புக் கரைசலில் போகும். நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய திசுக்களுக்கு ஃபார்மலின் வேண்டும். இதை மாற்றிச் செய்தால் சோதனை கெட்டுவிடும். சிகிச்சைப் பதிவேட்டைப் படிக்காமல் கத்தி எடுக்கும் பரிசோதகர் பாதி கேள்விகளைத் தவறவிடுவார். ஸ்கேன் வழியான மெய்நிகர் பரிசோதனை டெல்லி எய்ம்ஸில் 2021இல் தொடங்கியது. அறுக்க வேண்டாம் என்று அழும் குடும்பத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு போன்றவற்றை அது தவறவிடுவதை 2012இல் லான்செட்டில் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. அலட்சிய வழக்குகளில் அடிக்கடி எழும் கேள்வியே அந்த அடைப்புதான்.

சந்தேகம் கொள்ளும் குடும்பத்துக்குக் கால அவகாசம் மிகக் குறைவு. எரித்த உடலை யாராலும் சோதிக்க முடியாது. புதைத்த உடலை மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் தோண்டி எடுக்கலாம். இந்தியாவில் அதற்குக் கால வரம்பு இல்லை. பதப்படுத்திய உடலில் நஞ்சுச் சோதனை பொய்த்துவிடக்கூடும். எனவே உடலைப் பெறுவதற்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, புகாருக்குள்ளான மருத்துவமனையைச் சாராத இடத்தில் பரிசோதனை கேளுங்கள். சிகிச்சைப் பதிவேட்டின் நகலையும் அன்றே எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்.